சிறுமலைத் தோட்ட வீட்டு சோலார்: கார்த்திகையைக் கணக்கில் எடுக்காததால் வந்த வினை

மின்கம்பம் எட்டாத மலை வீட்டுக்கு சோலார் போடுகிறவர்கள் பெரும்பாலும் சித்திரை வெயிலை மனதில் வைத்துத்தான் கணக்குப் போடுகிறார்கள். அந்த வீடு இருட்டாவது ஐப்பசி, கார்த்திகையில். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சிறுமலையில் ஒரு தோட்ட வீட்டில் போட்டிருந்த சோலார் இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காமல் படுத்துவிட்டது. அதை ஏன் என்று பார்த்து, திரும்ப வேறு மாதிரி கட்டிக் கொடுத்தோம். உரிமையாளர் சம்மதத்தோடு, அவர் பெயர் இல்லாமல், கணக்கோடு எழுதுகிறேன். மலையில் தோட்டம் வைத்திருக்கிற மதுரை, திண்டுக்கல், தேனிக்காரர்கள் நிறைய பேர் இதே இடத்தில் பணத்தை விடுகிறார்கள்.

முதலில் இடம். சிறுமலை திண்டுக்கல் மாவட்டம் என்றாலும் வாடிப்பட்டியில் நின்று வடக்கே பார்த்தால் கண்ணுக்கு முன்னால் நிற்கிற மலைதான். திண்டுக்கல் நத்தம் சாலையிலிருந்து பிரிந்து 18 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேலே பழையூர், புதூர். அங்கெல்லாம் கரண்ட் உண்டு. ஆனால் தோட்டங்கள் பலது ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கின்றன. இந்த வீடும் அப்படித்தான். ஜீப் ஒரு இடம் வரை போகும், அதற்கப்புறம் இரண்டு கிலோமீட்டர் சுமார் ஒற்றையடிப் பாதை. காபி, மிளகு, எலுமிச்சை, நடுவில் மலைவாழை. சிறுமலை வாழைக்கு 2008-லேயே புவிசார் குறியீடு கிடைத்தது, அந்த வாழை இன்றைக்கும் பல தோட்டங்களிலிருந்து குதிரை முதுகில்தான் ரோட்டுக்கு வருகிறது. கம்பம் நட்டு லைன் இழுக்கலாம் என்று பார்த்தால் நடுவில் காப்புக்காடு, அனுமதி வாங்கி முடிவதற்குள் தலைமுறை மாறிவிடும். ஆக சோலார்தான் வழி.

கல் சுவர், ஓட்டுக் கூரை, இரண்டு அறை, சமையல்கட்டு, சாமான் அறை. பக்கத்திலேயே தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற குடும்பத்துக்கு ஒரு சின்ன வீடு. உரிமையாளர் மாட்டுத்தாவணியில் எலுமிச்சை வியாபாரம் செய்கிறவர், மாதத்தில் சில நாள்தான் மேலே போவார். நிரந்தரமாக இருப்பது அந்தக் குடும்பம். இது முக்கியம், பின்னால் வருகிறேன்.

பழைய செட்டப் இது: கூரையில் 250 வாட் பேனல் நான்கு, மொத்தம் ஒரு கிலோவாட். பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகிற சார்ஜைக் கட்டுப்படுத்த 24 வோல்ட் பி.டபிள்யூ.எம். ரக கன்ட்ரோலர். 12 வோல்ட் 150 ஏ.எச். டியூபுலர் (லெட் ஆசிட் ரகம்) பேட்டரி நான்கு, இரண்டிரண்டாகத் தொடரில். 2 கே.வி.ஏ. இன்வெர்ட்டர். போட்டுக் கொடுத்தவர்கள் "ஒரு கிலோவாட் சார், ஒரு நாளைக்கு 5 யூனிட் வரும், வீட்டுக்குத் தாராளம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். முதல் சில மாதம் சுமாராக ஓடியிருக்கிறது. ஐப்பசியில் இரவு பத்து மணிக்கே இன்வெர்ட்டர் கூவ ஆரம்பித்தது. அடுத்த வருஷம் மழைக்காலத்தில் ஏழு மணிக்கே. அப்புறம் பொழுது சாய்ந்தால் விளக்கே இல்லை. "பேட்டரி மட்டமான சரக்கு, அதை மாத்திட்டா சரியாப் போயிரும்ல தம்பி" என்றுதான் உரிமையாளர் என்னிடம் வந்தார்.

பேட்டரியை மட்டும் மாற்றியிருந்தால் அதுவும் இரண்டு வருஷத்தில் செத்திருக்கும். ஏனென்றால் பேட்டரி சாகவில்லை, பட்டினி போட்டுக் கொன்றிருக்கிறார்கள்.

எப்படி என்று பார்ப்போம். நான் போனது ஒரு மாசி மாதம், மேகமே இல்லாத உச்சி வெயில். கிளாம்ப் மீட்டரை பேனல் ஒயரில் மாட்டினேன். நான்கு பேனலும் இணையாக இருந்ததால் 33 ஆம்பியர் அளவுக்கு வரவேண்டும். 20-க்கு மேல் ஏறவில்லை. பேட்டரி முனையில் 25.9 வோல்ட். லெட் ஆசிட் பேட்டரி 24 வோல்ட் செட் நிறைய வேண்டுமென்றால் 28.8 வோல்ட் பக்கம் கொஞ்ச நேரமாவது நிற்க வேண்டும். இது அந்த உயரத்துக்குப் போகவே வழியில்லை என்பது பேனல் பின்பக்க ஸ்டிக்கரைப் படித்ததும் தெரிந்துவிட்டது.

அந்த 250 வாட் பேனலில் 60 செல். முழுச் சக்தி தருகிற வோல்டேஜ் 30 என்று போட்டிருக்கும், ஆனால் அது செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது. வெயிலில் கிடக்கிற பேனல் செல் சாதாரணமாக 60 டிகிரிக்குப் போகும், மலைக்காற்று இருந்தாலும் ஓட்டுக்கு ஒட்டிப் படுக்க வைத்தால் அடியில் காற்று ஓடாது. சூடு ஏற ஏற சிலிக்கான் பேனலின் வோல்டேஜ் இறங்கும், டிகிரிக்கு அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாக. ஆக 30 என்பது 25, 26 ஆகிவிடுகிறது. எம்.பி.பி.டி. என்கிற இன்னொரு ரக கன்ட்ரோலராக இருந்தால் இரண்டு பேனலைத் தொடரில் போட்டு 60 வோல்ட் வாங்கி, அதை பேட்டரிக்கு ஏற்ற மாதிரி இறக்கி, மிச்சத்தை ஆம்பியராக மாற்றிக் கொடுக்கும். பி.டபிள்யூ.எம். அப்படிச் செய்யாது. அது ஒரு சுவிட்ச் மாதிரிதான், பேனலை பேட்டரியோடு நேராகக் கோத்துவிடும். 24 வோல்ட் பேட்டரிக்கு பி.டபிள்யூ.எம். போடுவதென்றால் 72 செல் பேனல் வேண்டும். 60 செல் பேனலையும் 24 வோல்ட் பி.டபிள்யூ.எம்.மையும் ஜோடி சேர்ப்பது நம் பக்கம் சர்வசாதாரணமாக நடக்கிற தப்பு. பேனல் வாட்டைப் பார்த்து வாங்குகிறார்கள், செல் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை.

இதோடு ஒயர். கூரையிலிருந்து சாமான் அறைக்கு 15 மீட்டர், போக வர 30 மீட்டர், 4 சதுர மில்லிமீட்டர் செம்பு. 33 ஆம்பியர் ஓடினால் அதிலேயே நாலரை ஐந்து வோல்ட் காணாமல் போகும். ஏற்கெனவே வோல்டேஜ் பத்தாத பேனலுக்கு இந்த இழப்பும் சேர்ந்தால் பேட்டரிக்கு என்ன மிஞ்சும்?

பேட்டரி மூடியைத் திறந்து, ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டுகிற ஹைட்ரோமீட்டரை விட்டேன். நிறைந்த டியூபுலர் பேட்டரியில் 1.240 பக்கம் காட்ட வேண்டும். பல செல்லில் 1.110, 1.120. பாதி சார்ஜிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகிப்போகும், அதற்குப் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் உள்ளே வாங்காது. நான்கில் இரண்டு பேட்டரியில் தண்ணீர் தகட்டுக்குக் கீழே போயிருந்தது, மற்ற இரண்டில் ஊற்றுத் தண்ணீரை ஊற்றியிருந்தார்கள். "பேட்டரி தண்ணினு தனியா ஒண்ணு இருக்குன்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே சார், தண்ணி கொறஞ்சா ஊத்துங்கன்னுதான் சொன்னாங்க" என்றார் தோட்டத்து அண்ணன். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் ஒரு இயந்திரத்தை வைத்துவிட்டு, அதை தினமும் பார்க்கப்போகிறவரிடம் பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசாமல் இறங்கிப் போனவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அடுத்தது நிழல். வீட்டுக்குத் தெற்கே வரிசையாக சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. நான் நின்ற நேரத்தில் கூரையின் பெரும்பகுதி வெயிலில்தான் இருந்தது. அண்ணன் மரத்தைக் காட்டி, "கார்த்திகைல வந்து பாருங்க சார், மதியம் வரைக்கும் ஓட்டு மேல மர நெழல்தான் கெடக்கும்" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சிறுமலை ஏறத்தாழ 10 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஜூன் மாத உச்சிப் பொழுதில் சூரியன் நம் தலைக்கு மேலே நிற்பதில்லை, 13 டிகிரி வடக்கே தள்ளி நிற்கும். டிசம்பரில் உச்சியிலிருந்து 33 டிகிரிக்கு மேல் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது 10 மீட்டர் மரம் நட்ட நடு மதியத்திலேயே வடக்கே ஆறரை மீட்டர் நிழல் போடும், காலையும் மாலையும் கேட்கவே வேண்டாம். பழைய செட்டப்பை மாட்டியது வைகாசியில். அன்றைக்கு நிழலே தெரிந்திருக்காது. வெயில் எப்போது குறைவோ அப்போதுதான் நிழலும் கூடுகிறது, இரண்டும் ஒரே மாதத்தில் சேர்ந்து அடிக்கிறது.

பேனலை எங்கே வைப்பது என்று மலையில் கேட்க வேண்டிய ஆள் இன்ஜினியர் இல்லை, அங்கேயே இருக்கிறவர்தான். ஆறு மாதம் கழித்து எந்தப் பாறையில் வெயில் விழும் என்று அவருக்குத்தான் தெரியும்.

இனி செலவுக் கணக்கு. ஒவ்வொரு சாமானையும் மீட்டர் வைத்து அளந்தோம். ஒரு நாளைக்கு வாட் அவரில் சொல்கிறேன், 1,000 வாட் அவர் ஒரு யூனிட். பழைய பிரிட்ஜ் 1,300. அரை எச்.பி. மோட்டார் ஒன்றேகால் மணி நேரத்துக்கு 700. டி.வி.யும் டிஷ் பெட்டியும் 400. விளக்கெல்லாம் பழைய சி.எப்.எல்., அதில் காட்டுமாடு வரும் என்று வாசலிலும் பின்னாலும் விடிய விடிய எரிகிற இரண்டு, எல்லாம் சேர்த்து 970. மிக்சி 150. போன் சார்ஜர் 50. கூட்டினால் மூன்றரை யூனிட். சரி, இதில் யாரும் எழுதாத ஒரு செலவு உண்டு: இன்வெர்ட்டர். ஒரு பல்புகூட எரியாவிட்டாலும் ஆன் செய்து வைத்திருக்கிற வரைக்கும் அது 45 வாட் தின்றுகொண்டே இருந்தது. 24 மணி நேரத்துக்கு 1,080 வாட் அவர். மிக்சி மாதிரி ஏழு மிக்சி. ஊரில் மின்வாரிய லைனில் இருக்கிற வீட்டில் இது யாருக்கும் உறைக்காது. மலையில் இது பிரிட்ஜுக்கு அடுத்த பெரிய செலவு. ஆக மொத்தம் 4,650.

வரவு? ஒரு கிலோவாட் பேனல், வோல்டேஜ் கோளாறு, ஒயர், நிழல் எல்லாம் போக நல்ல வெயில் மாதத்தில் மூன்றரை யூனிட் பேட்டரிக்குப் போனாலே அதிகம். மூடுபனி மாதத்தில் ஒரு யூனிட், ஒன்றேகால் யூனிட். சித்திரையிலேயே பற்றாக்குறை என்றால் கார்த்திகையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது.

"அப்ப பேனலையும் பேட்டரியையும் நாலு மடங்காக்கிருவோமா தம்பி?" என்று கேட்டார் உரிமையாளர். பணம் இருக்கிற எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். நான் செலவைத்தான் முதலில் தொட்டேன். மலை மேல் ஒரு யூனிட் சேமிப்பதற்கு ஆகிற காசு, ஒரு யூனிட் கூடுதலாகத் தயாரித்துத் தேக்கி வைப்பதற்கு ஆகிற காசில் சின்னப் பங்குதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் தண்ணீர். வீட்டுக்குக் கீழே கிணறு, அதிலிருந்துதான் மோட்டார் இழுத்துக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் வீட்டுக்கு மேலே பாறை இடுக்கில் ஊற்று வழிந்து ஓடுகிறது, தை கடைசி வரைக்கும் வற்றாது என்று அந்த வீட்டு அக்கா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். கருப்பு ஓஸ் பைப் ஒரு சுருள் வாங்கி, ஊற்றுக்கண்ணில் வலை கட்டிய ஒரு சின்ன வாளியைப் பதித்து, சரிவில் இறக்கி டேங்கில் விட்டோம். மழைக்காலத்துக்கு மோட்டாரே தேவையில்லை. ஊற்று வற்றுகிற மாசி முதல் வைகாசி வரை மோட்டார் ஓடும், அப்போது வெயிலுக்குப் பஞ்சமில்லை. உச்சி நேரத்தில் மட்டும் போட்டால் பேட்டரியைத் தொடாமல் பேனலிலிருந்தே தண்ணீர் ஏறிவிடும். வெயில் இல்லாத மாதத்தில் தண்ணீர் தானாக வருகிறது, தண்ணீர் இல்லாத மாதத்தில் வெயில் கொட்டுகிறது. இந்த ஏற்பாட்டை மலையே செய்து வைத்திருக்கிறது, நாம் பைப் மட்டும்தான் போட்டோம்.

பிரிட்ஜ் மாற்றினோம். சின்ன ஒற்றைக் கதவு, இன்வெர்ட்டர் கம்ப்ரஸர், ஐந்து ஸ்டார். மலைக் குளிரில் 450 வாட் அவருக்குள் நிற்கிறது. டி.வி. எல்.இ.டி. ஆனது, நான்கு மணி நேரத்துக்கு 200. கோடையில் மட்டும் ஓடும் இரண்டு மின்விசிறி பி.எல்.டி.சி., 75 வாட் இடத்தில் 30 வாட்.

இன்வெர்ட்டரை இரண்டாகப் பிரித்தோம். பிரிட்ஜுக்கும் டி.வி.க்கும் சின்னது ஒன்று, எப்போதும் ஆனிலேயே இருக்கும், சும்மா இருக்கும்போது 10 வாட்தான் குடிக்கும். பழைய 2 கே.வி.ஏ.வைத் தூக்கிப் போடவில்லை. மிக்சி, மோட்டார், அயர்ன் பாக்ஸுக்கு மட்டும் என்று தனி சுவிட்ச் போட்டு, சமையல்கட்டுச் சுவரில் சிவப்பு விளக்கோடு வைத்தோம். அரைத்து முடித்ததும் அணைத்துவிட வேண்டும், விளக்கு எரிந்தால் மறந்துவிட்டது என்று அர்த்தம்.

விளக்குகளை முழுக்க வேறாகப் பிரித்தோம். 200 வாட் பேனல் ஒன்று, 12.8 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் பேட்டரி ஒன்று, ஐந்து வாட் டி.சி. எல்.இ.டி. பல்புகள், போன் சார்ஜ் போட இரண்டு பாயின்ட், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து. இன்வெர்ட்டரே கிடையாது. வாசல் விளக்கு விடிய விடிய எரிவதையும் சேர்த்து 320 வாட் அவர்தான் ஆகிறது, சூரியனே வராவிட்டாலும் மூன்று நாளுக்கு மேல் தாங்கும். பெரிய செட்டப்பில் எது கெட்டாலும் வெளிச்சமும் போனும் நிற்கக்கூடாது. ராத்திரி ஒரு பாம்புக்கடி, ஒரு பிரசவ வலி என்றால் ஜீப்புக்குக் கூப்பிட அந்த ஒரு போன்தான் இருக்கிறது. ஆள் குடியிருக்கிற மலை வீட்டுக்கு யார் கேட்டாலும் இந்தப் பிரிவினையைச் செய்யாமல் நான் வேலையை எடுப்பதில்லை.

இப்போது பெரிய செட்டப்பின் அன்றாடச் செலவு, எல்லா இழப்பும் சேர்த்து, மழைக்காலத்தில் 1,200 வாட் அவர். 4,650 எங்கே, இது எங்கே. யாரும் எந்த வசதியையும் விடவில்லை.

இதற்குத்தான் பேனலும் பேட்டரியும். பழைய நான்கு பேனலில் குறையில்லை, இரண்டிரண்டாகத் தொடரில் போட்டு எம்.பி.பி.டி.க்குக் கொண்டுவந்து, ஓட்டிலிருந்து ஒரு சாண் உயர்த்தி அடியில் காற்று ஓட விட்டோம். ஒயர் 6 சதுர மில்லிமீட்டர். இதோடு 335 வாட் பேனல் நான்கு புதிதாக, வீட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளி, கார்த்திகையிலும் காலை முதலே வெயில் விழும் என்று அண்ணன் காட்டிய பாறைத் திட்டில், 15 டிகிரி தெற்குச் சாய்வில். 10 டிகிரியே போதும், ஆனால் மலையில் பனி சொட்டிச் சொட்டி பேனலின் கீழ் விளிம்பில் பாசி பிடிக்கும், கொஞ்சம் கூடுதல் சாய்வு இருந்தால் மழையே கழுவிவிடும். மொத்தம் 2.3 கிலோவாட். வெயில் மாதத்துக்கு இது தேவைக்கு மேல்தான். மூடுபனி நாளில் ஒரு யூனிட்டாவது வர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு. இருட்டு நாளுக்கு பேட்டரியைக் கூட்டுவதைவிட பேனலைக் கூட்டுவது மலிவு. பேட்டரி இருப்பதைத்தான் தரும், பேனல் மேகத்துக்குள்ளிருந்தும் கொஞ்சம் கொண்டுவரும்.

மரத்தை வெட்டிவிடலாமே என்று உரிமையாளர் கேட்டார். வேண்டாம் என்றேன். மலைப்பகுதி மரங்களைப் பாதுகாக்க 1955-லேயே தனிச் சட்டம் இருக்கிறது, அது ஒரு பக்கம். அந்த மரத்தில் ஏறியிருக்கிற மிளகு வருஷா வருஷம் தருகிற காசு இன்னொரு பக்கம். கூரைப் பேனலை மறைத்த கிளைகளை மட்டும் கவாத்து செய்தோம், காபித் தோட்டத்தில் எப்படியும் செய்கிற வேலைதான்.

பேட்டரி 25.6 வோல்ட் 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட், இரண்டு, இணையாக. மொத்தம் 5.12 யூனிட், 80 சதவீதம் எடுத்தாலும் நான்கு யூனிட், அதாவது மூன்று நாளுக்கு மேல். லித்தியம் எடுத்ததற்கு பேஷன் காரணமில்லை. பாதி சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தாலும் இந்த ரகம் கெடாது, மழைக்காலத்தில் அதுதான் நடக்கப்போகிறது. தண்ணீர் ஊற்றவேண்டிய வேலை இல்லை. அப்புறம் எடை. இதே நான்கு யூனிட்டை லெட் ஆசிட்டில் எடுக்க வேண்டுமென்றால் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால் 150 ஏ.எச். பேட்டரி ஐந்தாறு வேண்டும், ஒவ்வொன்றும் 55 கிலோ சுமார், சாய்ந்தால் ஆசிட் கொட்டும். லித்தியம் பேக் ஒன்று 25 கிலோ பக்கம். ஒன்றாகப் பெரிதாக வாங்காமல் இரண்டாக வாங்கியதற்கு ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும் என்பது ஒரு காரணம், குதிரையின் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்கவிடலாம் என்பது இன்னொன்று. சாக்கில் வைக்கோல் அடைத்து, நடுவில் பேக்கை வைத்து, வாழைத்தார் கட்டுகிற அதே கயிற்றால் அதே முடிச்சில் கட்டிக் கொண்டுபோனார் குதிரைக்காரர். பாதையின் கடைசி ஏற்றத்தில் குதிரை நின்று மூச்சு வாங்கியபோது அவர் சுமையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, முடிச்சு அவ்வளவு உறுதி.

பேனல் குதிரையில் ஏறாது. இரண்டு மீட்டர் நீளக் கண்ணாடி, ஒற்றையடிப் பாதையில் கிளை இடிக்கும். இரண்டிரண்டு பேனலை முகத்தோடு முகம் வைத்து, நடுவில் அட்டை கொடுத்துக் கட்டி, மூங்கிலில் கோத்து ஆட்கள் தோளில் சுமந்தார்கள். விடியற்காலையில் கிளம்பிவிட வேண்டும், பத்து மணிக்கு மேல் காற்று எழும்பினால் பேனல் பாய்மரம் ஆகிவிடும், ஆளையே சரிவில் தள்ளும். இறங்கும்போது பழைய நான்கு பேட்டரியையும் கீழே கொண்டுவந்தோம், ஆசிட்டை அங்கே ஒரு சொட்டு கொட்டவில்லை. பழைய பேட்டரியை விற்றவரிடமே திருப்பிக் கொடுக்கலாம், 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி சேகரிக்கிற பொறுப்பு தயாரிப்பாளருடையது. ஈயத்துக்கு வந்த விலையில் சுமை கூலியில் ஒரு பகுதி கழிந்தது.

எர்த்திங் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், மலை மின்னல் சும்மா விடாது. பழைய எர்த் கம்பி முன் முற்றத்துப் பாறைக்கு மேலிருந்த ஒரு முழம் மண்ணில் இருந்தது. எர்த் மீட்டர் 60 ஓம்ஸுக்கு மேல் காட்டியது, எர்த் இல்லாததற்குச் சமம். வீட்டைச் சுற்றி மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருந்த ஒரே இடம் பின்பக்க வாழைக் கன்றுகளின் அடி, குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் வருஷம் முழுக்க அங்கேதான் பாய்கிறது. மூன்று செம்பு பூசிய கம்பிகளை இடைவெளி விட்டு அங்கே இறக்கி, மூன்றையும் செம்புப் பட்டையால் இணைத்தோம். 5 ஓம்ஸுக்குக் கீழே வந்துவிட்டது. பேனல் பிரேம், பாறைத் திட்டு ஸ்டாண்ட், இன்வெர்ட்டர் பாடி எல்லாம் அந்த ஒரே எர்த்தோடு சேர்த்தோம், தனித்தனி எர்த் வைத்தால் மின்னல் விழும்போது இரண்டுக்கும் நடுவில் இருக்கிற சாமான்தான் எரியும். பேனல் ஒயர் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில், மின்னலால் எகிறுகிற வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பிவிட டி.சி. சர்ஜ் அரெஸ்டர், அதோடு பேனலை முழுக்கத் துண்டிக்கிற ஐசொலேட்டர்.

செலவு மொத்தம் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. அதில் கிட்டத்தட்ட பாதி பேட்டரிகளுக்கும் சுமை கூலிக்கும். மானியம் கிடைக்குமா என்று பலரும் கேட்கிறார்கள். 2024-இல் அறிவித்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை தருகிறார்கள், ஆனால் அது கிரிட்டோடு, அதாவது மின்வாரிய லைனோடு இணைந்த வீட்டுக் கூரைக்குத்தான். கரண்டே இல்லாத வீட்டுக்கு அதில் இடமில்லை, எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. விவசாய மோட்டாருக்கு மட்டும் என்றால் பி.எம். குசும் திட்டத்தில் கிரிட் இல்லாத சோலார் பம்புக்கு வழி இருக்கிறது, அதை வேளாண் பொறியியல் துறையில் கேட்கலாம். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. அங்கே மேகம் மூடினால் கிரிட்டில் வேறு எங்கிருந்தோ கரண்ட் வந்துவிடும். மலை வீட்டுக்கு அந்த வேறு எங்கேயோ கிடையாது, தன் கூரை, தன் பேட்டரி, அவ்வளவுதான். அதனால்தான் ஊரில் சோலார் போட்டுப் பழகியவர்களின் கணக்கு மலையில் தோற்கிறது.

பராமரிப்பை அந்த அக்காவிடம்தான் ஒப்படைத்தோம், வீட்டில் எப்போதும் இருப்பவர் அவர்தான். லித்தியத்தில் வோல்டேஜைப் பார்த்து சார்ஜ் சொல்ல முடியாது, 90 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் கிட்டத்தட்ட ஒரே வோல்டேஜ் காட்டும். அதனால் போகிற வருகிற ஆம்பியரை எண்ணிச் சதவீதம் காட்டுகிற மானிட்டரைச் சுவரில் வைத்தோம். காலையில் எழுந்ததும் அந்த எண்ணை காலண்டரில் அன்றைய தேதிக் கட்டத்தில் எழுதிவிடுவார். 50-க்குக் கீழே போனால் அன்றைக்கு டி.வி. கிடையாது. 30-க்குக் கீழே போனால் பிரிட்ஜை அணைத்துவிட வேண்டும், மழைக்குளிரில் பால் ஒரு நாள் தாங்கும். மாதம் ஒருமுறை, விடிகாலையில் பேனல் குளிர்ந்திருக்கும்போது, ஈரத் துணியால் துடைக்க வேண்டும், உச்சி வெயிலில் தண்ணீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடலாம். இவ்வளவுதான் விதி.

முதல் மழைக்காலம் முடிந்து அந்தக் காலண்டர் தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஐப்பசியில் பெரும்பாலும் 70-க்கு மேல். கார்த்திகையில் மலை தொடர்ந்து மூடிக் கிடந்த ஒரு வாரத்தில் 88, 71, 58, 47, 41 என்று இறங்கி, 38-இல் நின்று, மறுநாள் இரண்டு மணி நேர வெயிலில் மேலே ஏறியிருக்கிறது. 47-இலிருந்து டி.வி.யை நிறுத்தியிருக்கிறார். பிரிட்ஜை அணைக்க வேண்டிய நாள் வரவில்லை. பழைய பெட்ரோல் ஜெனரேட்டர் மூலையில் அப்படியே இருக்கிறது, மாதம் ஒருமுறை ஐந்து நிமிஷம் ஓட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தொல்லையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பாறைத் திட்டுப் பேனலின் பின்னால் தொங்கிய ஒயரைக் குரங்குகள் பிடித்து இழுத்து ஒரு கனெக்டரைப் பிடுங்கிவிட்டன. இப்போது எல்லா ஒயரும் இரும்பு பைப்புக்குள். காட்டுமாடு ஸ்டாண்டு காலில் உடம்பைத் தேய்த்ததில் ஒரு கால் லேசாக வளைந்திருக்கிறது, சுற்றிலும் முள்வேலிக்குப் பதிலாகக் கல் அடுக்கலாம் என்று அண்ணன் சொல்கிறார், அது நல்ல யோசனை. கோடையில் காய்ந்த புல் தீப்பிடிக்காமல் இருக்க ஸ்டாண்டைச் சுற்றி நான்கு மீட்டருக்குப் புல்லைச் செதுக்கி வைக்க வேண்டும்.

இதே மாதிரி கொடைக்கானல் மேல்மலைப் பக்கம், பூம்பாறை, மன்னவனூர் என்று வைக்கப்போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே தை மாத விடியலில் உறைபனி விழும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டை பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் செல் நிரந்தரமாகக் கெடும். குளிரில் சார்ஜை நிறுத்துகிற வசதி, பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கிற பி.எம்.எஸ். சர்க்யூட்டில் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், பேட்டரியை வெளி வராந்தாவில் வைக்காமல் சமையல்கட்டை ஒட்டிய உள்சுவரில் வையுங்கள். சிறுமலையில் அந்தக் கவலை இல்லை, இங்கே வடக்குப் பக்க சாமான் அறையின் கல் சுவரே போதுமானதாக இருக்கிறது.